அடமான வீடும் அடைபடாத கடனும்

 



கடனில்லாத வாழ்வை விரும்பாத குடும்பம் உலகில் இல்லை. நாயகம் (ஸல்) அவர்கள் தம் தொழுகையிலேயே பாவத்தை விட்டும் கடனை விட்டும் அல்லாஹ்விடம் காவல் தேடி வந்தார்கள். கடனை விட்டு ஏன் இவ்வளவு அதிகம் காவல் தேடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, கடன் மனிதனைப் பொய் பேசுபவனாகவும் வாக்கு மாறுபவனாகவும் ஆக்கிவிடுகிறது என்ற கருத்தில் விடையளித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் வரும் செய்தி இது.

இன்று நம் குடும்பங்களில் பலர், "இனிமேல் கடனே வேண்டாம், இருப்பதை எல்லாம் அடைத்துவிட்டு நிம்மதியாக இருப்போம்" என்று நிய்யத்து வைக்கிறார்கள். நல்ல நிய்யத்துதான். மளிகைக் கடைப் பாக்கி தீர்க்கப்படுகிறது. அடகுக் கடையிலிருந்து வளையல் மீட்கப்படுகிறது. மாமாவிடம் வாங்கிய கைமாற்றும் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. "அல்ஹம்துலில்லாஹ்! இனி நமக்கு ஒரு கடனும் இல்லை" என்று கணவர் சொல்ல, மனைவியும் மகிழ்கிறார்.

அப்படியானால், வங்கியில் பத்திரம் வைத்து வாங்கிய வீட்டுக் கடன்? "அட, அது வீட்டுக் கடன்தானே! அதையெல்லாம் கடனோடு சேர்ப்பார்களா?" என்பதே வரும் பதில். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதைத்தான் இங்கே சிந்திக்கப் போகிறோம்.

வேண்டாம் என்பவர்கள் மூன்று காரணங்கள் சொல்வார்கள். ஒன்று: கடனுக்கு வீடே ஈடாக நிற்கிறது, ஆகவே நம் தலையில் சுமை இல்லை. இரண்டு: மாதத் தவணை என்பது வாடகை கொடுப்பது போலத்தான். மூன்று: ஒத்திக்கு விட்டவர்கள் சொல்வது, மாதாமாதம் நாம் ஒன்றும் கட்டுவதில்லையே, பிறகு அது எப்படிக் கடனாகும்?

முதற் காரணத்தை முதலில் எடுத்துக் கொள்வோம்.

திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட ஆயத்து, அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது பேசுவது கடனைப் பற்றித்தான். தவணையிட்டுக் கொடுக்கல் வாங்கல் செய்தால் எழுதிக் கொள்ள வேண்டும். தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிக்கக் கூடாது. சாட்சிகளை வைத்துக் கொள்ள வேண்டும் என்று அல்லாஹு தஆலா விரிவாகக் கற்றுக் கொடுக்கிறான். அதற்கு அடுத்த வசனத்தில்தான் ஈடு வருகிறது. பயணத்தில் எழுதுபவர் கிடைக்காவிட்டால் ஈட்டுப் பொருளைக் கைப்பற்றிக் கொள்ளலாம் என்பது அதன் கருத்து.

எழுத்துக்கும் சாட்சிக்கும் வழியில்லாதபோது ஈடு அந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். பத்திரத்தில் எழுதிவிட்டால் கடன் தீர்ந்தது என்று யாராவது சொல்வார்களா? இரண்டு பேர் சாட்சி நின்றதும் கடன் அடைந்தது என்பார்களா? மாட்டார்கள். ஈடும் அப்படியே. கொடுத்தவரின் பணத்துக்குப் பாதுகாப்பு அது. வாங்கியவரின் பொறுப்புக்கு விடுதலை அல்ல. பொருள் கொடுத்தவரின் கைக்குப் போனாலும் கடன் வாங்கியவரின் பொறுப்பிலேயே நிற்கிறது என்பதுதான் ஃபிக்ஹுக் கிதாபுகளில் 'ரஹ்ன்' என்ற பாடத்தின் அடிப்படை.

இதை இன்னும் தெளிவாக்கும் ஒரு சம்பவம் முஸ்னத் அஹ்மதில் உண்டு. ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. இவருக்குக் கடன் உண்டா என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இரண்டு தீனார் இருக்கிறது என்றதும் தொழ வைக்காமல் பின்வாங்கினார்கள். அபூகத்தாதா (ரலி) அவர்கள் முன்வந்து, அந்தக் கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழ வைத்தார்கள். மறுநாள் அபூகத்தாதாவைப் பார்த்து, அந்த இரண்டு தீனார் என்னவாயிற்று என்று கேட்டார்கள். அவர் நேற்றுத்தானே இறந்தார் என்று இவர் சொன்னார். அடுத்த நாள் மீண்டும் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன் என்று அபூகத்தாதா சொன்னார்கள். இப்போதுதான் அந்த மய்யித்தின் மேனி குளிர்ந்தது என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள்.

சகோதரர்களே! அபூகத்தாதாவை விட நம்பிக்கையான பிணை எங்கே கிடைக்கும்? அந்தப் பிணை இருந்தும், காசு கைமாறும் வரை மேனி குளிரவில்லை. ஒரு ஸஹாபியின் வாக்கே கடனைத் தீர்க்கவில்லை என்றால், வங்கிப் பெட்டகத்தில் கிடக்கும் நம் பத்திரம் தீர்த்துவிடுமா?

உலகச் சட்டமும் இதையே சொல்கிறது. அடமானம் பற்றி நம் நாட்டில் நடைமுறையில் இருப்பது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம். கடனை அடைத்துச் சொத்தை மீட்கும் உரிமையை அது கடன்பட்டவருக்குக் கொடுக்கிறது. அடைக்காமலே மீட்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. 2002ஆம் ஆண்டில் வந்த வங்கிக் கடன் மீட்புச் சட்டத்தின்படி, தவணை தவறி வாராக் கடனாகிவிட்டால், வங்கி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, வழக்குமன்றத் தீர்ப்புக்குக் காத்திராமலே வீட்டை எடுத்து ஏலம் விடலாம். ஏலத் தொகை போதாமற் போனால் மீதியையும் கடன்பட்டவரிடமே கேட்கலாம். வீடும் போய்க் கடனும் நிற்கக்கூடிய நிலை இது. "வீடு நிற்கிறது, என் தலையில் சுமை இல்லை" என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது, வாடகை போலத்தான் என்ற வாதம்.

வாடகைக்கு இருப்பவர் மாதம் முடிந்து பணத்தைக் கொடுத்துவிட்டால் அன்றோடு கணக்குத் தீர்ந்தது. வேண்டாமென்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். வீட்டுக் கடனில் அப்படிப் போக முடியுமா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில், 20 ஆண்டுத் தவணைக்கு ஒருவர் வாங்கியதாக வைத்துக் கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 18,000 ரூபாய். முதல் மாதம் கட்டும் அந்தப் பணத்தில் 15,000 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 3,000 கூட முழுதாக இல்லை. ஐந்து ஆண்டுகளில் அவர் கட்டியிருப்பது 10 லட்சத்து 80 ஆயிரம் அளவில் இருக்கும். ஆனால் அசலில் மிச்சம் நிற்பது சுமார் 17 லட்சத்து 74 ஆயிரம்! பத்து ஆண்டுகள் கடந்து, பாதிக் காலம் போய்விட்டதே என்று மகிழும்போதும் 14 லட்சத்துக்கு மேல் பாக்கி நிற்கும். முடிவில் வாங்கிய 20 லட்சத்துக்காகக் கொடுத்தது 43 லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

வட்டி எவ்வளவு கொடிது என்று திருக்குர்ஆன் எச்சரித்திருப்பது ஏன் என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி. வட்டிக்கு வாங்குவது ஹராம் என்பதில் ஐயமில்லை. வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? தவ்பாச் செய்ய வேண்டும். மேலும் வாங்காதிருக்க வேண்டும். இருப்பதை விரைந்து அடைக்க வேண்டும். "வாடகைதானே" என்ற நினைப்பு இந்த விரைவைக் கொன்றுவிடுகிறது. கடனென்று எண்ணுபவர்தாம் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் அசலில் கட்ட ஓடுவார். வாடகை என்று எண்ணுபவர் அந்தப் பணத்தில் மாடிக்குப் பளிங்குக்கல் பதிப்பார். ஊர் மெச்ச வலீமா வைப்பார். மாறும் வட்டி விகிதத்தில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் அபராதக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012ஆம் ஆண்டிலேயே உத்தரவிட்டுவிட்டது. வழி திறந்திருக்கிறது, நடக்க வேண்டியவர்கள் நாம்தாம்.

மூன்றாவது, ஒத்தி. சில ஊர்களில் இதைப் போக்கியம் என்பார்கள். வீட்டுக்காரர் சில லட்சங்களை மொத்தமாக வாங்கிக் கொள்கிறார். கொடுத்தவர் இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகையில்லாமல் அந்த வீட்டில் குடியிருக்கிறார். காலம் முடிந்ததும் பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்து வீட்டைப் பெற வேண்டும். மாதாமாதம் வீட்டுக்காரர் கையைக் கடிக்காததால் இது கடன் என்ற நினைவே வருவதில்லை. வாங்கிய பணம் மகள் கல்யாணத்திலோ, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பியதிலோ கரைந்திருக்கும். காலம் முடியும் நாளில்தான் விழி பிதுங்கும். பழைய ஒத்தியை அடைக்கப் புதிய ஒத்தி தேடி அலைகிற வீட்டுக்காரர்கள் நம் தெருக்களில் இல்லையா?

பணம் கொடுத்துக் குடியிருப்பவரும் தம் நிலையைச் சிந்திக்க வேண்டும். கடன் கொடுத்ததற்காக ஒரு பயனை நிபந்தனையாக்கி அனுபவித்தால் அது வட்டியின் வாடையுள்ளது என்பது நம் இமாம்கள் கூறிய விதி. நியாயமான வாடகையைப் பேசி, அதை மாதந்தோறும் அந்தத் தொகையில் கழித்துக் கொள்ள உடன்பட்டால் இருவருக்கும் ஈடேற்றம் உண்டு. ஊர் ஆலிமிடம் உட்கார்ந்து பேசி இதைச் சரிசெய்து கொள்ளுங்கள்.

ஆகவே, அடமானக் கடன் கடன் கணக்கில் சேருமா என்றால், சேரும். ஒரு காசும் குறையாமல் சேரும்.

இங்கே இன்னொரு விந்தையையும் சொல்ல வேண்டும். கடனுண்டா என்று கேட்டால் இல்லை என்பவர், ரமலான் வந்து ஸகாத்துக் கணக்குப் பார்க்கும்போது மட்டும், "எனக்கு வீட்டுக் கடன் 20 லட்சம் இருக்கிறதே, நான் எப்படி ஸகாத்துக் கொடுப்பது?" என்கிறார்! ஷாபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி, கடன் இருப்பது ஸகாத்தைத் தடுக்காது. கையிலுள்ள பொன்னும் பணமும் நிஸாபை எட்டி ஆண்டும் நிறைந்தால் கொடுத்தே ஆக வேண்டும். ஹனபி மத்ஹபில் கடனைக் கழித்துக் கணக்கிடலாம் என்றாலும், இருபது ஆண்டுகளில் அடைக்க வேண்டிய தொகை முழுவதையும் இந்த ஆண்டே கழிப்பது கூடாது, இவ்வாண்டுக்குரிய தவணையை மட்டுமே கழிக்கலாம் என்று இக்கால முஃப்திகள் பலர் கூறுகிறார்கள். ஏழையின் பங்கு வரும்போது கடன் பெரிதாகவும், நம் ஆடம்பரம் வரும்போது கடன் சிறிதாகவும் தெரிந்தால், பழுது கணக்கில் இல்லை, உள்ளத்தில் இருக்கிறது.

"என் வீட்டின் மதிப்பு கடனை விட இரண்டு மடங்கு, விற்றால் எல்லாம் தீர்ந்துவிடும்" என்று சொல்பவர்கள் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் வரலாற்றைப் படிக்க வேண்டும். சுவனத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பதின்மரில் ஒருவர் அவர்கள். மக்கள் அவர்களிடம் பணத்தை அமானிதமாக வைக்க வருவார்கள். அமானிதம் காணாமற் போனால் கொடுத்தவருக்கு நஷ்டமாகுமே என்று அஞ்சி, அமானிதமாக வேண்டாம், கடனாக இருக்கட்டும் என்று தம் பொறுப்பில் ஏற்றுக் கொள்வார்கள். மதீனாவில் மட்டும் பதினொரு வீடுகள், பஸராவிலும் கூஃபாவிலும் மிஸ்ரிலும் வீடுகள், அல்காபா என்னும் நிலம், இவ்வளவும் அவர்களுக்கு இருந்தன. ஆயினும் ஹிஜ்ரி 36இல் ஜமல் போர் நாளன்று தம் மகன் அப்துல்லாஹ்வை அழைத்து, என்னுடைய பெருங்கவலை என் கடன்தான் என்றார்கள். சொத்தை விற்றுக் கடனை அடைக்கும்படி வஸிய்யத்துச் செய்தார்கள்.

மகன் கணக்குப் பார்த்தபோது கடன் 22 லட்சமாக நின்றது! 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கு வாங்கிய அல்காபா நிலத்தை 16 லட்சத்துக்கு விற்றார். கடனை அடைத்த பின்னும் வாரிசுகளுக்கு உடனே பங்கு வைக்கவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் மக்கள் கூடுமிடத்தில், ஸுபைரிடம் கடன் வரவேண்டியவர்கள் எங்களிடம் வாருங்கள் என்று அறிவித்தார். அதன் பிறகே பாகம் பிரித்தார். புகாரி ஷரீஃபில் இது விரிவாக இருக்கிறது. கடனைவிடப் பன்மடங்கு சொத்து இருந்தும், "நிலம் இருக்கிறதே, கடனா எனக்கு?" என்று ஸுபைர் (ரலி) அவர்கள் நினைக்கவில்லை. விற்கிற வரை நிலம் நிலம்தான். கொடுக்கிற வரை கடன் கடன்தான்.

அந்நிஸா அத்தியாயத்தின் வாரிசுரிமை வசனங்களிலும், வஸிய்யத்தும் கடனும் போக எஞ்சியதே பங்கு என்று திரும்பத் திரும்ப நினைவூட்டப்படுகிறது. ஆனால் நம்மில் எத்தனை வீடுகளில், கணவர் மௌத்தான பிறகு வங்கியிலிருந்து கடிதம் வந்தபோதுதான் வீடு அடமானத்தில் இருப்பது மனைவிக்குத் தெரிகிறது! இத்தா இருக்கும் பெண், மய்யித்துக்கு யாஸீன் ஓதுவாளா, தவணைத் தேதியை எண்ணுவாளா? காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்மக்களுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. ஈட்டில் இருக்கும் வீட்டை, ஈடு பெற்றவரின் சம்மதமில்லாமல் கொடுக்க முடியாது என்பது ஷரீஅத். அதை மறைத்து மகளுக்கு எழுதி வைத்தால் கொடுத்தது வீடல்ல, வில்லங்கம்.

ஆகவே இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். வஸிய்யத்துச் செய்ய வேண்டியது ஏதும் உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கக் கூடாது என்பது நபிகளாரின் அறிவுரை. வீட்டுக் கடன், நகைக் கடன், ஒத்திப் பணம் ஆகியவற்றின் அசல் பாக்கியை எழுதுங்கள். மாதத் தவணையை மட்டும் எழுதினால் போதாது. வீடு கட்டும்போது மனைவியின் நகையை வாங்கி விற்றீர்களே, அவர் மனமுவந்து அன்பளிப்பாகக் கொடுத்திராவிட்டால் அதையும் எழுதுங்கள். கொடுக்காத மஹரையும் எழுதுங்கள், அதுவும் கடன்தான். மூலப் பத்திரம் எங்கே இருக்கிறது என்பதை மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் அறியட்டும்.

பிறகு அடைக்கும் வரிசை. தவணை வந்துவிட்ட கடன், கொடுத்தவர் வந்து கேட்கும் கடன் முந்தட்டும். வசதியுள்ளவர் இழுத்தடிப்பது அநியாயம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அத்தோடு வட்டி ஏறும் கடனைக் குறைக்கப் பாருங்கள். முழுதும் அடைத்த பின் பத்திரத்தைக் கையில் வாங்காமல் இருந்துவிடாதீர்கள். கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் சொத்து ஆவணங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடுகட்ட வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ளது. அடமானம் பதிவாகியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கடன் தீர்ந்த ரசீதையும் பதிந்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியிருப்பதைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, "அப்படியானால் இன்னும் பதினைந்து ஆண்டுகள் நான் கடனாளியா?" என்று மனம் உடைந்துவிட வேண்டாம். கடனாளி என்பது வேறு, மோசடிக்காரன் என்பது வேறு. நம் நாயகம் (ஸல்) அவர்கள் இவ்வுலகை விட்டுப் பிரியும்போது அவர்களின் போர்க் கவசம் ஒரு யூதரிடம் 30 ஸாஉ வாற்கோதுமைக்காக ஈட்டில் இருந்தது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தேவைக்கு ஈடு வைப்பதில் இழிவில்லை. வட்டியில்லாமல், எண்ணத்தில் நேர்மையோடு வைக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும் நிய்யத்தோடு பிறர் பொருளைப் பெற்றவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்க அல்லாஹ்வே உதவுவான் என்றும் நன்மாராயம் இருக்கிறது. அந்த நிய்யத்து உண்மையானது என்பதற்கு முதல் அடையாளம், கடனைக் கடன் என்று ஒப்புக் கொள்வதுதான். எண்ணப்படாத கடன் அடைபடுவதில்லை.

யா அல்லாஹ்! எங்கள் கடன்களை எங்கள் ஆயுளிலேயே அடைக்கும் ஆற்றலைத் தருவாயாக! வட்டியின் பிடியிலிருந்து எங்கள் இல்லங்களை மீட்பாயாக! எங்கள் மனைவி மக்களைக் கடன்காரர் முன் தலைகுனிய வைக்காதிருப்பாயாக! ஹலாலானதைக் கொண்டு எங்களைப் போதுமாக்கி, உன்னையன்றி யாரிடமும் தேவையாகாத நிலையைத் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!